காமா காமிராவின் புதிய ஆற்றல் எங்கே செலவாக வேண்டும்?

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைமட்டத்திற்குக் கீழே 2 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், 1965-ஆம் ஆண்டில் ஓர் அரிய ஆராய்ச்சி நடைபெற்றது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பானின் ஒஸாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் ஆகிய பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த விஞ்ஞானிகளும் அங்கே கருவிகளை நிறுவியிருந்தனர். காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் தோற்றுவிக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகள், பாறையில் மோதி எழுப்பிய வேறொரு துகளின் தடத்தை அக்கருவிகள் பதிவு செய்தன. இத்தகைய தடம் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இடங்கள் உலகில் இரண்டே. மற்றொன்று தென்னாப்பிரிக்காவிலுள்ள ஒரு தங்கச் சுரங்கம்.

அக்கருவிகளின் முக்கிய உறுப்புகளுள் இரண்டை ஈண்டுக் குறிப்பிடுதல் வேண்டும். ஒன்று, துகள் ஊடுருவும்போது மினுக்கென ஒளிவிடும் பிளாஸ்டிக் பலகை. மற்றொன்று, அம்மங்கலான ஒளியை மின் துடிப்பாக மாற்றிப் பன்மடங்கு பெருக்கும் ஒளிமின் பெருக்கிக் குழாய். இருதய நோயாளியின் முன் வைத்துப் படமெடுக்கும் காமா காமிராவும் இதே தத்துவத்தைக் கொண்டே இயங்கி வந்திருக்கிறது. பாறையின் அடியில் துகளைத் தேடுவதற்கும், நெஞ்சுக் கூட்டினுள் இரத்த ஓட்டத்தைத் தேடுவதற்கும் விஞ்ஞானம் ஒரே வகையான கண்ணைப் பயன்படுத்தியது.

ஆனால் அச்சுரங்கங்களில் உழைத்தவர்களை அந்தக் கண் எளிதில் எட்டவில்லை. தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி மாத இறுதியில் மூடப்பட்டன. ஸ்கெலட்டன் உள்ளிட்ட தங்கவயற் பகுதிகளில் வாழும் முதியவர் ஒருவருக்கு நெஞ்சுவலி கண்டு, அணு மருத்துவச் சோதனை தேவை என்று டாக்டர் கூறினால், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கோ, எல்லை கடந்து வேலூருக்கோ செல்வதே வழக்கமாக இருக்கிறது. காமா காமிராவின் கூர்மை கடந்த இருபது ஆண்டுகளுக்குள் பன்மடங்கு பெருகியுள்ளது. அப்பெருக்கம் இந்தத் தூரத்தைக் குறைக்கப் பயன்படுமா, அல்லது பெருநகர மருத்துவமனைகளின் வசதியை மட்டும் கூட்டுமா என்பது ஆராயத்தக்க கேள்வியாகும்.

படம் உண்டாகும் விதம்

சாதாரண எக்ஸ்ரே படத்தில் கதிர் வெளியிலிருந்து உடலினுள் பாய்கிறது. அணு மருத்துவப் படத்தில் கதிர் உடலின் உள்ளிருந்து வெளியே வருகிறது. கதிரியக்கமுள்ள மருந்து மிகச் சிறிய அளவில் நரம்பின் வழியே செலுத்தப்படுகிறது. இருதயத் தசையில் இரத்த ஓட்டம் நன்றாக உள்ள இடத்தில் அம்மருந்து மிகுதியாகத் தங்கும். ஓட்டம் குன்றிய இடத்தில் குறைவாகத் தங்கும். ஆகவே படத்தில் தெரிவது இருதயத்தின் உருவம் மட்டுமன்று. தசைக்கு இரத்தம் கிடைக்கும் அளவும் அதில் தெரிகிறது.

இச்சோதனை இரு நிலைகளில் நடைபெறும். ஓடுபொறியில் நடக்க வைத்தோ, மருந்து கொடுத்தோ இருதயத்திற்கு வேலை கூட்டிய நிலையில் ஒரு படமும், ஓய்வு நிலையில் ஒரு படமும் எடுக்கப்படும். வேலை கூடியபோது மட்டும் ஒரு பகுதி மங்கித் தோன்றி, ஓய்வில் அது தெளிந்தால், அப்பகுதிக்குச் செல்லும் இரத்தக் குழாய் குறுகியிருக்கிறது என்று கொள்ளலாம். இரு படங்களிலும் அப்பகுதி மங்கியே இருந்தால், அங்குள்ள தசை முன்னரே மாரடைப்பினால் மடிந்து வடுவாகியிருக்கலாம். முதல் வகையினருக்குக் குழாயைச் சீர்படுத்தும் சிகிச்சை பயனளிக்கக் கூடும். இரண்டாம் வகையினருக்கு அதனால் பெரும்பயன் விளையாதிருக்கலாம். வீட்டையோ நகையையோ அடகு வைத்து அறுவைச் சிகிச்சைக்குப் புறப்படும் குடும்பத்திற்கு இவ்வேறுபாடு எத்துணை முக்கியமானது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதற்குப் பெரிதும் பயன்படும் மூலகம் டெக்னீஷியம்-99எம். அதன் அரை ஆயுள் 6 மணி. காலை 6 மணிக்கு 100 பங்கு இருந்தால், நண்பகலில் 50 பங்கும், மாலை 6 மணிக்கு 25 பங்கும், நள்ளிரவில் 12½ பங்குமே எஞ்சும். நோயாளியின் உடலில் கதிரியக்கம் நீண்ட காலம் தங்காமைக்கு இக்குறுகிய ஆயுளே காரணம். அதனை நெடுந்தொலைவிலிருந்து வரவழைத்துச் சேமித்து வைக்க இயலாமைக்கும் அதுவே காரணமாகும்.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்த்தது மாலிப்டினம்-99. இதன் அரை ஆயுள் 66 மணி. அதாவது இரண்டே முக்கால் நாள். இது சிதைந்துகொண்டே டெக்னீஷியத்தைத் தந்துகொண்டிருக்கும். ஈயக் கவசமிட்ட ஒரு சிறு கலத்தில் மாலிப்டினத்தை வைத்து, உப்பு நீரைச் செலுத்தினால் டெக்னீஷியம் மட்டும் பிரிந்து வெளிவரும். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆராய்ச்சிச் சாலையில் 1950-களின் இறுதியில் இம்முறை உருவாயிற்று. மருத்துவமனை ஊழியர்கள் இக்கலத்தை மாலிப்டினப் பசு என்றும், டெக்னீஷியம் எடுப்பதைக் கறத்தல் என்றும் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. உவமை பொருத்தமானதே. எனினும் இப்பசு நாளுக்கு நாள் வற்றுவது. ஒரு வாரம் கழிந்தால் முதல் நாள் வலிமையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே மிஞ்சும். ஆகவே வாரந்தோறும் புதிய கலம் வேண்டும்.

ஆங்கர் கருவி முதல் இன்றைய கருவி வரை

காமாக் கதிரைக் கண்ணாடி வில்லையால் வளைத்துக் குவிக்க முடியாது. ஆதலால் ஆயிரக்கணக்கான துளைகளையுடைய ஈயத் தட்டு ஒன்று காமிராவின் முகப்பில் வைக்கப்படுகிறது. துளைக்கு நேராக வரும் கதிர் மட்டும் உட்செல்லும். சாய்வாக வருவதை ஈயம் விழுங்கிவிடும். இவ்வாறு வடிகட்டியபின் உட்புகுவது, வெளிவரும் கதிர்களில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒன்றுதான். நோயாளி வெகுநேரம் அசையாது படுத்திருக்க வேண்டி வந்ததற்கும், மருந்தின் அளவைக் குறைக்க முடியாதிருந்ததற்கும் இதுவே மூலகாரணம்.

தட்டைத் தாண்டிய கதிர் சோடியம் அயோடைடுப் பளிங்கில் மோதும். சிறிதளவு தாலியம் கலந்த அப்பளிங்கு நீல ஒளியாகச் சிமிட்டும். அவ்வொளியைப் பின்னால் அடுக்கியுள்ள ஒளிமின் பெருக்கிக் குழாய்கள் ஏற்கும். அருகிலுள்ள குழாயில் துடிப்பு வலிதாகவும் தொலைவிலுள்ளதில் மெலிதாகவும் இருக்கும். அவற்றை ஒப்பிட்டு, கதிர் விழுந்த இடத்தைக் கருவி கணக்கிடும். இக்கருவியை அமெரிக்காவின் பெர்க்லி நகரில் ஹால் ஆங்கர் என்பவர் 1957-ஆம் ஆண்டில் அமைத்தார். அவருடைய முதற் கருவியின் பளிங்கு நான்கு அங்குல விட்டமே உடையது; குழாய்கள் ஏழே. பின்னர்ப் பளிங்கு அகன்றது. குழாய்களின் எண்ணிக்கை பெருகியது. காமிராவை நோயாளியைச் சுற்றிச் சுழற்றி, கணக்கிடும் இயந்திரத்தின் உதவியால் குறுக்கு வெட்டுப் படங்களை அமைக்கும் ஸ்பெக்ட் முறை வந்தது. ஆயினும் பளிங்கும் குழாயும் அரை நூற்றாண்டுக் காலம் அடிப்படையில் மாறவில்லை.

நம் நாட்டிலும் இத்துறை காலத்தே வேரூன்றியது. டிராம்பேயில் அப்சரா அணு உலை 1956 ஆகஸ்டு 4-ஆம் நாள் இயங்கத் தொடங்கியது. டில்லியில் அணு மருத்துவத்திற்கான ஆராய்ச்சி நிலையம் 1961-லும், பம்பாயில் கதிர்வீச்சு மருத்துவ மையம் 1963-லும் அமைந்தன. ஐசோடோப்புகளை ஆக்கி வழங்கும் பணிக்கெனத் தனி வாரியம் 1989-ல் ஏற்பட்டது. அடித்தளம் இல்லாத நாடு என்று நம் நாட்டைக் கூற இடமில்லை.

பெரிய மாற்றம் 2000-க்குப் பிறகு நேர்ந்தது. காட்மியம், துத்தநாகம், டெல்லூரியம் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரு படிகம் சோடியம் அயோடைடின் இடத்தைப் பிடிக்கலாயிற்று. இப்படிகத்தில் ஒளிச்சிமிட்டல் என்னும் இடைப்படியே இல்லை. கதிர் மோதியவுடன் உள்ளே எலெக்ட்ரான்கள் விடுபடுகின்றன. மின்னழுத்தம் அவற்றை ஈர்த்து நேராகவே மின் துடிப்பாக்குகிறது. படிகம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் அளவுள்ள சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. எந்தக் கட்டத்தில் துடிப்பு எழுந்ததோ அதுவே கதிர் விழுந்த இடம். பருத்த குழாய்களுக்கு வேலை இல்லை. டெக்னீஷியத்தின் கதிர் 1,40,000 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்டது. அவ்வாற்றலை அளப்பதில் பழைய பளிங்குக்கு நூற்றுக்கு ஒன்பது, பத்து என்ற அளவில் மயக்கம் இருந்தது. புதிய படிகத்தில் அது ஐந்து, ஆறாகக் குறைந்தது. ஆதலால் உடலில் சிதறித் திசைமாறி வந்த கதிர்களைப் பிரித்து நீக்குவது எளிதாயிற்று.

ஆனால் கூர்மை பெருகியதற்குப் படிகம் மட்டுமே காரணமன்று. உருவம் சிறுத்ததால், பல சிறு காமிராக்களை இருதயத்தை நோக்கி வளைவாக நிறுத்தவும், யாவற்றையும் ஒரே சமயத்தில் இருதயத்தின் மேலேயே குவிக்கவும் இயன்றது. இருதயத்திற்கென்றே அமைந்த இப்புதிய கருவிகள், பழைய இருதலைக் கருவியைக் காட்டிலும் நான்கு மடங்கும் அதற்கு மேலும் கதிர்களைப் பிடிக்கின்றன. முன்பு கால் மணி நேரமும் அதற்கு மேலும் எடுத்த படம் மூன்று முதல் ஆறு நிமிஷங்களில் முடிகிறது.

கூர்மை என்னும் மூலதனம்

நான்கு மடங்குக் கூர்மை என்பது ஒரு மூலதனம். அதனைப் பல வழிகளில் செலவிடலாம். மருந்தின் அளவை மாற்றாமல் நேரத்தைக் குறைக்கலாம். நேரத்தை மாற்றாமல் மருந்தைக் குறைத்து, நோயாளி ஏற்கும் கதிர்வீச்சைத் தணிக்கலாம். இரண்டையும் குறைக்காமல் படத்தைத் தெளிவாக்கலாம். ஒரே மூலதனத்தை மூன்றிலும் முழுமையாகச் செலவிட இயலாது. செல்வ நாடுகளில் வெளிவந்த விவாதங்கள் பெரும்பாலும் இம்மூன்றைப் பற்றியே அமைந்துள்ளன.

நம் நாட்டிற்கு நான்காவது வழி ஒன்று உண்டு. அதுவே முதன்மையாகக் கருதத்தக்கது. கூர்மையைத் தூரத்திற்காகச் செலவிடலாம். பெருநகரத்திலுள்ள ஒரு மையத்தில் காலையில் பசுவைக் கறந்து, மருந்தாக்கி, ஈயக் கலத்தில் வைத்து, 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊருக்கு வண்டியில் அனுப்புவதாகக் கொள்வோம். வழியில் இரண்டரை மணி நேரம் ஆனால் கதிரியக்கத்தில் நான்கில் ஒரு பங்கு குறையும். நான்கில் மூன்று பங்கு போய்ச் சேரும். நான்கு மடங்குக் கூர்மையுள்ள கருவி அவ்விடத்தில் இருந்தால், இந்தக் கால் பங்கு இழப்பு ஒரு பொருட்டே அன்று. இழப்பை ஈடுசெய்த பின்னும் மூன்று மடங்கு ஆதாயம் எஞ்சுகிறது. அதில் ஒரு பகுதியைக் கதிர்வீச்சைத் தணிக்கவும், மறுபகுதியை நேரத்தைக் குறைக்கவும் பயன்படுத்தலாம். கலந்த மருந்தைக் குறிப்பிட்ட சில மணி நேரத்திற்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்ற விதி உண்டு. இரண்டரை மணிப் பயணம் அவ்வரம்பிற்குள் அடங்கக்கூடியதே.

தங்கவயலுக்கும் பெங்களூருக்கும் இடையிலுள்ள தூரம் இக்கணக்கிற்கு மிகப் பொருத்தமானது. வேலைக்காக நாள்தோறும் விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்பும் தங்கவயல்வாசிகள் பலர். மக்கள் செல்லும் அதே தூரத்தை எதிர்த்திசையில் மருந்து கடந்து வருவது இயலாத செயல் அன்று. நோயாளி நகரத்தை நோக்கிச் செல்வதா, மருந்து ஊரை நோக்கி வருவதா என்பதே கேள்வி. முன்பு கருவியின் கூர்மைக் குறைவு முதல் விடைக்கு ஒரு நியாயத்தைத் தந்தது. அந்த நியாயம் இன்று வலுவிழந்துவிட்டது.

மூலப்பொருளைச் சிக்கனமாகக் கையாள்வதும் இதனுள் அடங்கும். கனடாவின் சாக் ரிவர் அணு உலை 2009 மே முதல் 2010 ஆகஸ்டு வரை பழுதினால் நிறுத்தப்பட்டிருந்தது. அதே காலத்தில் ஹாலந்தின் பெட்டன் உலையும் சில மாதங்கள் இயங்கவில்லை. உலகெங்கும் மாலிப்டினம் அருகி, சோதனைகள் தள்ளிப் போடப்பட்டன. சாக் ரிவர் உலை 2018-ல் நிலையாகவே மூடப்பட்டது. ஒவ்வொரு நோயாளிக்கும் வேண்டிய மருந்தின் அளவு குறைந்தால், ஒரே கலத்திலிருந்து கூடுதலானோர் பயனடைவர். தட்டுப்பாடு நேரும் காலத்தில் சிற்றூர்க் கருவியே முதலில் பட்டினி கிடக்கும் என்ற அச்சமும் குறையும்.

சுரங்கத் தொழிலாளியின் நெஞ்சு

தங்கவயலைப் போன்ற ஊர்களுக்கு இக்கருவி ஏன் சிறப்பாக வேண்டும் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. பாறையைத் துளைக்கும்போது எழும் சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும். நம் நாட்டில் இந்நோய் முதன்முதலாக விரிவாக ஆராயப்பட்ட இடங்களுள் கோலார் தங்கவயல் முக்கியமானது. 1940-களில் அங்கே நடந்த பரிசோதனைகளில், சோதிக்கப்பட்ட தொழிலாளரில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோரிடம் இந்நோய் காணப்பட்டது. சுரங்கத்தை விட்ட பின்னும் இந்நோய் மனிதனை விடுவதில்லை. நுரையீரல் இறுகுவதால் இருதயத்தின் வலப்பக்கத்திற்குச் சுமை கூடுகிறது. முதுமையில் இரத்தக் குழாய் நோயும் வந்து சேருமானால், மூச்சுத் திணறல் எதனால் வருகிறது என்று பிரித்தறிவது டாக்டருக்குக் கடினமாகிறது. நுரையீரலா, இருதயமா என்ற இக்கேள்விக்கு விடை காண அணு மருத்துவப் படம் துணை செய்யும்.

ஆனால் இத்தகைய நோயாளியே பழைய கருவிக்கு மிகவும் பொருந்தாதவர். பழைய முறையில் மல்லாந்து படுத்து, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, கால் மணி நேரத்திற்கும் மேல் அசையாதிருக்க வேண்டும். தூசியால் நுரையீரல் கெட்ட முதியவருக்கு மல்லாந்து படுப்பதே மூச்சை அடைக்கும். இருமல் வந்தால் உடல் அசையும். உடல் அசைந்தால் படத்தில் இல்லாத குறை தோன்றும். புதிய கருவிகளுள் சிலவற்றில் நோயாளி சாய்வு நாற்காலியில் அமர்ந்தபடியே இருக்கலாம். சில நிமிஷங்களில் படம் முடிந்துவிடும். நகரத்து இளைஞருக்கு வெறும் வசதியாக உள்ள இம்மாற்றம், சுரங்கத்தில் உழைத்த முதியவருக்குச் சோதனை நடக்குமா நடக்காதா என்பதையே தீர்மானிக்கிறது.

மற்றொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. ஓடுபொறியில் நடக்க இயலாதவர்க்கு அடினோசின் போன்ற மருந்து கொடுத்து இருதயக் குழாய்களை விரிப்பதுண்டு. மூச்சுக் குழல் சுருங்கி இளைப்பு உள்ளவர்களுக்கு அம்மருந்து தீங்கு செய்யக்கூடும். அவர்களுக்கு டோபுடமின் என்னும் வேறு மருந்தைப் பயன்படுத்துவர். நோயாளி முன்னர்ச் செய்த தொழில் யாது என்பதும், இளைப்பு உண்டா என்பதும் சோதனைச் சாலைக்குத் தெரிந்திருப்பது இதனால் இன்றியமையாததாகிறது.

ஆட்சேபணைகளும் விடைகளும்

புதிய கருவியின் விலை பழையதைக் காட்டிலும் அதிகம் என்பது முதல் ஆட்சேபணை. இது உண்மையே. ஆயினும் தாலுகாவுக்கு ஒன்று வேண்டும் என்று எவரும் கூறவில்லை. பல தாலுகாக்களுக்கு மையமான ஓர் ஊரில் ஒரு கருவி இருந்தால் போதும். மேலும் பழைய கருவியையே புதிய கணக்கீட்டு முறையால் திருத்தவும் வழி உண்டு. துளைத்தட்டினால் ஏற்படும் மங்கலைக் கணக்கில் கொண்டு படத்தை அமைக்கும் முறை வந்தபின், பழைய பளிங்குக் காமிராவிலும் பாதி நேரத்தில் அல்லது பாதி மருந்தில் தக்க படம் கிடைக்கிறது. பெருநகர மருத்துவமனைகள் புதிய கருவி வாங்கும்போது, நல்ல நிலையிலுள்ள பழைய கருவியை இவ்வாறு திருத்தி வெளியூர்களுக்கு அளிக்கலாம். இருதயத்திற்கென்றே அமைந்த புதிய கருவி எலும்பையோ சிறுநீரகத்தையோ படமெடுக்க உதவாது. அகன்ற பழைய கருவி எல்லாவற்றிற்கும் உதவும். சிற்றூருக்கு எது பொருந்தும் என்பதை விலைப்பட்டியலைக் கொண்டு மட்டும் முடிவு செய்தல் தகாது.

பயிற்சி பெற்றோர் இல்லை என்பது இரண்டாவது ஆட்சேபணை. அணு மருத்துவ டாக்டர், தொழில்நுட்பர், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் ஆகியோர் இன்றி எந்நிலையமும் இயங்க அனுமதி இல்லை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 முதல் இத்தகைய விதிகளைக் கண்காணித்து வருகிறது. இவ்விதிகளைத் தளர்த்துமாறு கோருவது தவறு. படத்தை எடுப்பவரும் மருந்தைக் கையாள்பவரும் அவ்விடத்திலேயே இருந்தாக வேண்டும். ஆனால் எடுத்த படங்களை நகரத்திலுள்ள நிபுணர்களும் அன்றே கண்டு கருத்துக் கூறுவதற்கு இக்காலத்தில் தடை யாதும் இல்லை. தங்கவயலில் பிறந்து வேலை தேடி நகரம் செல்லும் பட்டதாரிகளுக்கு இத்துறையில் பயிற்சி அளிப்பது இரட்டைப் பயன் தரும்.

மூன்றாவது ஆட்சேபணை எல்லாவற்றினும் வலியது. மாரடைப்பு வந்தவருக்கு முதலில் வேண்டியது மின் இருதய வரைபடமும், விரைவான முதற்சிகிச்சையும் ஆகும். அவை சரிவரக் கிடைக்காத ஊருக்குக் காமா காமிரா எதற்கு என்று கேட்பர். இக்கேள்வியைப் புறக்கணிக்க முடியாது. காமா காமிரா மாரடைப்பு நேரத்துக் கருவி அன்று. நெஞ்சுவலி அடிக்கடி வந்தும் காரணம் தெளிவுபடாதவருக்கும், அறுவைச் சிகிச்சை தேவையா என்று முடிவு செய்ய வேண்டியவருக்கும் உரிய கருவி அது. முதற்சிகிச்சை எங்கும் பரவுவது முதற்கடமை. அக்கடமை நிறைவேறும்வரை இரண்டாவது கடமையைத் தொடவே கூடாது என்பது மட்டும் ஏற்கத்தக்கதன்று. நகரங்களில் இவ்விரண்டும் ஒருங்கே வளர்ந்தன. சிற்றூர்களில் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகவே வரவேண்டும் என்று விதிப்பது நியாயமாகாது.

கள ஊழியரும் ஆசிரியரும்

கருவி அருகில் வந்தாலும் மக்கள் அதனை அணுகாவிடில் பயனில்லை. இங்கே கள ஊழியர்களின் பணி தொடங்குகிறது. சோதனைக்குச் செல்வோர் முந்திய நாள் முதலே தேநீரும் காப்பியும் அருந்தலாகாது. அவற்றிலுள்ள காஃபீன், சோதனைக்குக் கொடுக்கும் மருந்தின் வேலையைத் தடுத்துவிடும். இச்சிறு செய்தி தெரியாமையால், 100 கிலோமீட்டர் பயணம் செய்து, ரயில் நிலையத்தில் ஒரு குவளைத் தேநீர் அருந்திவிட்டுச் சென்று, வேறொரு நாள் வருமாறு திருப்பி அனுப்பப்படுவது நேரக்கூடியதே. ஒரு நாள் கூலியும் வண்டிச் செலவும் அதனால் வீணாகும். வழக்கமாக உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர்களை எழுதிக் கொடுத்தனுப்புவதும், டாக்டர் சொல்லாமல் எதையும் நிறுத்தலாகாது என்று கூறுவதும், நீரிழிவு நோயாளி பட்டினியாகச் செல்ல வேண்டுமா என்று முன்னரே கேட்டறிவதும் ஊழியர் எளிதில் செய்யக்கூடிய உதவிகள். கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மார்களும் அதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். வேலை கூட்டிய நிலையில் எடுத்த படம் முற்றும் தெளிவாக இருந்தால், ஓய்வுப் படம் தேவைப்படாமலே போகலாம். அவ்வாறாயின் கதிர்வீச்சும் மறு பயணமும் மிச்சமாகும். இதனை அங்குள்ள டாக்டரிடம் கேட்டறியும்படி நோயாளிக்குச் சொல்லி வைப்பது நன்று.

அணு என்ற சொல்லைக் கேட்டதும் எழும் அச்சத்தைப் போக்குவது ஆசிரியரின் பணி. அச்சத்தை வெறும் ஆறுதல் மொழியால் போக்க முடியாது, கணக்கால் போக்கலாம். வகுப்பில் நூறு நாணயங்களைக் குலுக்கிக் கொட்டி, தலை விழுந்தவற்றை நீக்கி, எஞ்சியவற்றை மீண்டும் குலுக்கச் செய்யலாம். ஒவ்வொரு குலுக்கலும் 6 மணி நேரம் என்று கொண்டால், நான்காவது குலுக்கலில், அதாவது ஒரு நாளில், ஏறத்தாழ ஆறு நாணயங்களே மிஞ்சும். எந்த நாணயம் விழும் என்று எவராலும் சொல்ல முடியாது. எத்தனை விழும் என்று ஏறக்குறையச் சொல்லலாம். டெக்னீஷியத்தின் தன்மையும் அதுவே. பதினாறில் ஒரு பங்காகக் குறைவது அன்றி, சிறுநீர் முதலிய வழிகளிலும் மருந்து வெளியேறுகிறது. தண்ணீர் மிகுதியாகப் பருகச் சொல்வது இதனாலேயே. இதனை அறிந்த மாணவன் தன் பாட்டனாரிடம் சொல்லும்போது, அச்சொல்லுக்குத் துண்டுப் பிரசுரத்தைக் காட்டிலும் மதிப்பு மிகும். கதிர்வீச்சு முற்றும் தீங்கற்றது என்று சொல்லிவிடவும் கூடாது. தேவையான இடத்தில், தேவையான அளவே பயன்படுத்த வேண்டும் என்பதே சரியான பாடம்.

தங்கவயலின் பூமி நூறாண்டுக்கும் மேலாகப் பொன் தந்தது. அதன் ஆழம் விஞ்ஞானத்திற்கு ஒரு புதிய சாளரத்தையும் திறந்து தந்தது. இரண்டுக்கும் உடலுழைப்பைக் கொடுத்தவர்களுக்கு மூச்சுத் திணறலும் நீண்ட பயணமும் மட்டுமே மிஞ்சுமாயின், கருவிகளின் முன்னேற்றத்தைப் பற்றிப் பெருமை பேசுவது பொருந்தாது. ஒரு காமிரா எத்தனை நிமிஷத்தில் படமெடுக்கிறது என்பது அதன் திறமைக்கு அளவு. அது நோயாளியின் வீட்டிற்கு எத்தனை கிலோமீட்டர் அருகில் வந்திருக்கிறது என்பதே அதன் பயனுக்கு அளவாகும். அடுத்த கருவியை வாங்கத் திட்டமிடுவோர் இவ்விரண்டாவது அளவையும் திட்ட அறிக்கையில் குறிப்பார்களாயின், தங்கவயல் போன்ற ஊர்களுக்கு வழி பிறக்கும்.